பிரிண்டர் ஓடும் நேரம்

ரவுட்டரை இரும்பு பீரோவுக்குள்ள வைக்கக் கூடாது சார். சொன்னா யாரும் கேக்கிறதில்ல. பாக்க அசிங்கமா இருக்குன்னு துணி அடுக்குக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சுட்டு, அப்புறம் சிக்னல் வரலேன்னு கம்பெனிக்காரனைத் திட்டுவாங்க. இரும்புக்குள்ள போட்டுப் பூட்டினா அது பாவம் என்ன பண்ணும். இருபத்திரண்டு வருஷமா இந்த வேலை பாக்கிறேன். கடை, கிளினிக், நாலு பேர் உக்கார்ற ஆபீஸ், எல்லாத்துக்கும் ரவுட்டர் மாட்டி, வயர் இழுத்து, கம்ப்யூட்டரும் பிரிண்டரும் ஒண்ணோட ஒண்ணு பேசுற மாதிரி பண்ணிக் குடுக்கிறதுதான் என் பிழைப்பு. நான் கை வெச்ச எந்த இடத்துலயும் பீரோவுக்குள்ள ரவுட்டர் இருந்ததில்ல.

எங்க அண்ணன் வீட்டுல இருந்துச்சு. ஏன்னா அதை வெச்சது நான் இல்ல.

நீங்க எழுதின அறிக்கையோட நகலை அண்ணி என்கிட்ட குடுத்தாங்க. ரெண்டு தடவை படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. எழுத்துப் பிழைகூட இல்ல. ஆனா நாலாவது பக்கத்துல, நெட்வொர்க் அமைச்ச ஆளோட கவனக்குறைவால அண்ணன் கட்டில்ல இருந்த அவசரப் பட்டன் வேலை செய்யல, அதனால உதவி கிடைக்காம அவரு இறந்தாருன்னு போட்டிருக்கீங்க. அந்த ஆளைப் பிடிச்சு உள்ளயும் வெச்சிருக்கீங்க. அது சரியில்ல. அந்த ஆளுக்காகத்தான் நான் வந்திருக்கேன்னு முதல்ல எழுதிக்கங்க.

முதல்லேர்ந்து சொல்றேன். மேல் மாடி அண்ணனுக்கு, கீழ் வீடு எனக்கு, நடுவுல பதினாலு படி. எனக்குக் கல்யாணம் ஆகல. அண்ணன் கட்டட பிளான் போடுற ஆபீஸ்ல தலைமை டிராஃப்ட்ஸ்மேனா இருந்தாரு. கோடு கோணலா போனா பேப்பரை மட்டும் இல்ல, போட்டவனையும் சேத்துக் கிழிப்பாரு. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி அந்த ஆபீஸுக்கு நெட்வொர்க் போடணும்னு வந்தப்போ, முதலாளிகிட்ட என்னைச் சொன்னாரு. "என் தம்பி இருக்கான், பிரமாதமா பண்ணுவான்"னு சொன்னாரு. அவரு வாயால அப்படி ஒரு வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை.

இருபது மேஜை. ரெண்டு நாள்ல முடிச்சுட்டேன். மூணாவது நாள் எல்லாரும் பாக்கிறப்போ சுவிட்சைப் போட்டேன். அஞ்சு நிமிஷம் ஓடுச்சு. அப்புறம் எல்லாக் கம்ப்யூட்டரும் ஒண்ணா நின்னு போச்சு. நான் ஒரே வயரோட ரெண்டு முனையையும் ஒரே பெட்டியில சொருகியிருந்தேன். அப்படிச் சொருகினா உள்ள போற செய்தி வெளிய போக வழியில்லாம அங்கயே சுத்திச் சுத்தி மொத்தத்தையும் அடைச்சுடும். இந்தத் தொழில்ல இருக்கிற எல்லாரும் வாழ்க்கையில ஒரு தடவை செய்யுற தப்பு அது. நான் கண்டுபிடிச்சுப் பிடுங்க நாப்பது நிமிஷம் ஆச்சு. அந்த நாப்பது நிமிஷமும் அண்ணன் முதலாளி பக்கத்துல கையைக் கட்டிகிட்டு நின்னாரு. என்னைப் பாக்கல.

அதுக்கப்புறம் அவரு என்கிட்ட எதுவும் கேட்டதில்ல. ஒரு பல்பு மாத்தணும்னாகூட வெளியாள்தான். ஆனா வீட்டுக்கு நாலு பேர் வந்தா அந்தக் கதையைச் சொல்லாம விட மாட்டாரு. "தன் வாலைத் தானே கடிச்ச பாம்பைப் பாத்திருக்கீங்களா, இதோ உக்காந்திருக்கு"ம்பாரு. எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். சிரிக்கலைன்னா கோவிச்சுகிட்டேன்னு அதுக்கும் ஒரு கதை கட்டுவாரு. தம்பின்னு கூப்பிடுறதும் நின்னு போச்சு. அண்ணிகிட்ட ஏதாவது சொல்லி அனுப்பணும்னா, "கீழ் வீட்டுல சொல்லிடு"ம்பாரு. நான் ஒரு ஆளே இல்ல சார் அவருக்கு. ஒரு வாசப்படி.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நுரையீரல் கெட்டுப்போய்ப் படுத்துட்டாரு. மூக்குல எந்நேரமும் குழாய், பக்கத்துல ஆக்சிஜன் மெஷின். பாத்ரூம் போகணும்னாகூட ஒரு ஆள் பிடிக்கணும். குழாய் கழண்டுடுச்சுன்னா அவரா மாட்டிக்க முடியாது, கை அவ்வளவு நடுங்கும். அதனால டாக்டர் ஒரு பட்டன் வெக்கச் சொன்னாரு. கட்டில் ஓரத்துல சிவப்புப் பட்டன். அமுக்கினா சுவத்துல இருக்கிற சின்னப் பெட்டிக்குப் போகும், பெட்டியிலேர்ந்து ரவுட்டர், ரவுட்டர்லேர்ந்து அண்ணியோட போனும் சமையல் ரூம் ஸ்பீக்கரும் அடிக்கும். சின்ன வேலை. எனக்கு அரை மணி நேரம்.

ஒரு நாள் வேலை முடிஞ்சு வர்றேன், மாடிப்படியில ஏணியைச் சாத்திகிட்டு யாரோ ஒருத்தர் நிக்கிறாரு. கையில வயர்ச் சுருள். "நீங்க யாரு சார்"ன்னு என்னைக் கேட்டாரு. என் வீட்டுப் படியில நின்னுகிட்டு.

"கீழ் வீடு"ன்னேன்.

"ஓ, சரி சரி. கொஞ்சம் ஏணியைப் பிடிச்சுக்கிறீங்களா"ன்னாரு.

பிடிச்சேன். அவருதான் இப்ப நீங்க உள்ள வெச்சிருக்கிற ஆள். அண்ணன் அவரை எஞ்சினியர்னுதான் சொல்வாரு. எஞ்சினியர் போட்ட லட்சணத்தைச் சொல்றேன். ரவுட்டரைப் பீரோவுக்குள்ள வெச்சாரு. பாஸ்வேர்டு ஒண்ணுலேர்ந்து எட்டு. அதையும் மறந்துடுவாங்களோன்னு ஒரு காயிதத்துல எழுதி ரவுட்டர் அடியிலயே ஒட்டி வெச்சாரு. திருடன் வந்தா சாவியைத் தேடிக் கஷ்டப்படக் கூடாதுங்கிற நல்ல மனசு. அண்ணன் அவரைத் தலையில தூக்கி வெச்சு ஆடாத குறைதான்.

மூணு வாரம் கழிச்சு அண்ணி கீழ வந்தாங்க. அவங்க வீட்டுலயே டைப்பிங் வேலை பாக்கிறாங்க, முன் ரூம்ல. ஆராய்ச்சிக் கட்டுரை, புத்தகம், எல்லாம் அடிச்சுப் பிரிண்ட் போட்டுக் குடுப்பாங்க. தினம் பதினோரு மணிக்குப் பிரிண்டரைப் போட்டா ரெண்டு மணி வரைக்கும் ஓடும். பழைய மெஷின், சத்தம் ஊரைக் கூட்டும். அண்ணனுக்குத் தொந்தரவுன்னு கதவைச் சாத்திக்குவாங்க. அந்தப் பிரிண்டரைக் கம்ப்யூட்டரால கண்டுபிடிக்க முடியலையாம்.

"தம்பி, கொஞ்சம் வந்து பாருங்களேன். ஆனா உங்க அண்ணனுக்குத் தெரிய வேண்டாம். அவரு தூங்குறப்போ வாங்க"ன்னாங்க.

போனேன். செருப்பைக் கீழயே விட்டுட்டு, திருட்டுப் பூனை மாதிரி போய், என் அண்ணன் வீட்டுல நான் வேலை பாத்தேன்.

என்ன கோளாறுன்னு உங்களுக்குப் புரியுற மாதிரி சொல்றேன். நெட்வொர்க்ல இருக்கிற ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு எண் உண்டு, வீட்டுக்குக் கதவு எண் மாதிரி. பிரிண்டரை அணைச்சுப் போடுறப்போல்லாம் ரவுட்டர் அதுக்கு ஒரு புது எண் குடுத்துகிட்டு இருந்துச்சு. கம்ப்யூட்டர் பழைய வீட்டு வாசல்ல போய்த் தட்டிகிட்டு இருந்துச்சு. நான் பிரிண்டருக்கு ஒரு நிரந்தர எண்ணைக் குடுத்தேன். யாருக்கும் இடிக்காத, சுத்தமான எண். ரவுட்டரைப் பீரோவுலேர்ந்து எடுத்துக் கதவுக்கு மேல மாட்டினேன். பட்டனைச் சோதிச்சேன், முன்னைவிட வேகமா அடிச்சுது. அடிக்கிறது என் போனுக்கும் வர்ற மாதிரி சேத்துகிட்டேன். அதை அண்ணிகிட்ட சொல்லல. அன்னைக்கு நான் செஞ்சது குறை சொல்ல முடியாத வேலை. அதையும் எழுதிக்கங்க சார், தயவுசெஞ்சு.

மறுநாள் சாயங்காலம் ஒரு நல்ல வயர் குடுக்கலாம்னு மேல போனேன். பாதிப் படியில இருக்கிறப்போ அண்ணன் குரல் கேட்டுது. ரவுட்டரை யாரு மாத்தினதுன்னு கேட்டிருக்காரு. அண்ணி எஞ்சினியர்தான் வந்து மாத்திட்டுப் போனாருன்னு சொல்லியிருக்காங்க. வேற என்ன சொல்வாங்க, பாவம்.

"பாத்தியா, வேலைன்னா இதுதான் வேலை"ன்னாரு அண்ணன். "கீழ் வீட்டைக் கூப்பிட்டிருந்தேன்னா இந்நேரம் சுவத்தை இடிச்சிருப்பான். கூடவே வாலையும் கடிச்சுகிட்டு நின்னிருப்பான்."

அண்ணி சிரிச்சாங்க. சத்தமா இல்ல. ஆனா சிரிச்சாங்க.

எனக்குக் கோவம் வரலைன்னு சொன்னா பொய். ஆனா நான் கோவத்துல எதையும் செய்யுற ஆள் இல்ல. இறங்கி வந்தேன். குளிச்சேன். சாப்பிட்டேன். மறுநாள் காலையில நிதானமா உக்காந்து யோசிச்சேன். இந்த மனுஷன் என்கிட்ட ஒரே ஒரு தடவை உதவின்னு கேக்கணும், அவ்வளவுதானே எனக்கு வேணும். எல்லாம் நல்லா ஓடுற வரைக்கும் கேக்க மாட்டாரு. அதனால எல்லாம் நல்லா ஓடக் கூடாது. இதுல தப்பான கணக்கு எங்க இருக்கு, சொல்லுங்க.

என் லேப்டாப்பைத் திறந்து, கீழ இருந்தே, பிரிண்டருக்கு நான் குடுத்த எண்ணை எடுத்துட்டு, பட்டன் பெட்டிக்கு என்ன எண் இருந்துச்சோ அதையே குடுத்தேன். ஒரு தெருவுல ரெண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண். இப்படி ஆனா பின்னாடி வந்து நிக்கிறவன்தான் ஜெயிப்பான். பிரிண்டர் அணைஞ்சிருக்கிற வரைக்கும் பட்டன் அடிக்கும். பிரிண்டரைப் போட்ட நிமிஷம் பட்டன் செத்துடும். பிரிண்டரை அணைச்சா திரும்ப உயிர் வந்துடும். அஞ்சு நிமிஷ வேலை.

தினம் காலையில எட்டு மணிக்கு அண்ணன் பட்டனை அமுக்கிச் சோதிப்பாரு. அந்த வீட்டுல அது ஒரு பழக்கம். சமையல் ரூம்ல அடிச்ச உடனே அண்ணி "கேட்டுது"ன்னு குரல் குடுப்பாங்க. எட்டு மணிக்கு அடிச்சா அன்னைக்கு முழுக்க அடிக்கும்னு அவங்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. எனக்கு அது ரொம்ப வசதியாப் போச்சு.

முதல் வாரத்துலயே ஒரு நாள் பன்னெண்டு மணிக்கு அமுக்கியிருக்காரு. யாரும் வரல. படுக்கை நனைஞ்சுடுச்சு. ரெண்டு மணிக்கு அண்ணி போனப்போ, வாய்க்கு வந்தபடி பேசினாரு. கீழ வரைக்கும் கேட்டுது. "காதுல என்னத்தை வெச்சுகிட்டு உக்காந்திருந்த"ன்னாரு. அப்புறம் பட்டனை அமுக்கிக் காட்டினாரு. பிரிண்டர் அணைஞ்சு போச்சே, ஜம்முன்னு அடிச்சுது.

இது மாதிரி அஞ்சு வாரத்துல நாலு தடவை. மூணாவது தடவைக்கு அப்புறம் அண்ணி காது டாக்டர்கிட்ட போனாங்க. காதுல ஒண்ணுமில்லைன்னு அனுப்பிட்டாராம். என்கிட்ட வந்து அழுதாங்க. "தம்பி, எனக்குப் புத்தி கித்தி பிசகுதா. பக்கத்துலயே போன் இருக்கு, அடிச்சது தெரியவே இல்லையே. அந்தப் பட்டனை ஒரு தடவை பாருங்களேன்"னாங்க. சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்ப் பாத்தேன். அமுக்கினேன், அடிச்சுது. "பட்டன் நல்லாத்தான் இருக்கு அண்ணி. நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க"ன்னேன். பொய் இல்லையே சார். ஆறு மணிக்கு அது நல்லாத்தான் இருந்துச்சு.

நான் என்ன எதிர்பாத்தேன்னா, நாலு தடவை ஆனதும் அண்ணன் என்னைக் கூப்பிடுவாருன்னு. கூப்பிடல. எஞ்சினியரைத்தான் கூப்பிட்டாரு. அந்த ஆளும் வேலையெல்லாம் முடிச்சுட்டு சாயங்காலம் வந்தாரு. அமுக்கிப் பாத்தாரு, அடிச்சுது. "நீங்க சரியா அமுக்கியிருக்க மாட்டீங்க சார். கை நடுங்குதில்ல"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அண்ணன் ஒத்துகிட்டாரு. "ஆமாப்பா, இருக்கும்"னாரு. என் காதால கேட்டேன். கோடு கோணலானா பேப்பரைக் கிழிச்ச மனுஷன், முன்னபின்ன தெரியாத ஒருத்தன் உன் கைதான் சரியில்லைன்னு சொன்னா ஆமாங்கிறாரு. அதையே நான் சொல்லியிருந்தா செருப்பைத் தேடியிருப்பாரு.

இப்ப உங்க அறிக்கைக்கு வர்றேன். கவனக்குறைவுன்னு எழுதியிருக்கீங்களே, அந்த ஆளால இந்தத் தப்பைச் செய்யவே முடியாது. எல்லாத்தையும் தானா எடுத்துக்கட்டும்னு ரவுட்டர் தலையில கட்டிட்டுப் போற ஆள் அவரு. எண் குடுக்கவே தெரியாதவன் எப்படித் தப்பான எண் குடுப்பான். அவருக்குத் தெரியாதுங்கிறதுதான் அவருக்குச் சாட்சி. அந்தப் பிரிண்டர்ல இருந்தது தெரியாத்தனமா விழுந்த எண் இல்ல. இருநூத்துச் சொச்சம் எண்லேர்ந்து தேர்ந்தெடுத்த எண். உங்க நிபுணர் பாத்த உடனே, "கத்துக்குட்டி செஞ்ச வேலை"ன்னு சொன்னாராமே. அவரை ஒரு தடவை என் முன்னாடி உக்கார வைங்க.

அப்புறம் ஒண்ணு. அண்ணன் இறந்தது தெரிஞ்சதுக்கு அப்புறம், நீங்க வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சு. அந்த எண்ணை மாத்தியிருக்கலாம். மாத்தல. யாராவது கண்டுபிடிப்பாங்கன்னு விட்டு வெச்சேன். கண்டுபிடிச்சீங்க. பேரைத்தான் மாத்திப் போட்டுட்டீங்க. அண்ணியும் உங்ககிட்ட, "எங்க கொழுந்தன் இதுல கையே வெக்கல, அவருக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல"ன்னு சொல்லியிருக்காங்க. என்னைக் காப்பாத்துறதா நினைச்சுகிட்டு. பன்னெண்டு வருஷமா அண்ணன் சொன்னதையே அவங்களும் எழுத்துல குடுத்துட்டாங்க.

அந்த நாளைப் பத்திக் கேக்கிறீங்க. சொல்றேன்.

வியாழக்கிழமை. எனக்கு அன்னைக்கு வெளி வேலை இல்ல. அண்ணன் ரூமுக்கு நேர் கீழதான் என் ரூம். ஒரு கிளினிக்குக்கு வேண்டிய வயருக்கு முனை கட்டிகிட்டு உக்காந்திருந்தேன். எட்டு இழை இருக்கும் உள்ள, நிறம் மாறாம வரிசையா அடுக்கணும். பதினோரு மணிக்குப் பிரிண்டர் சத்தம் ஆரம்பிச்சுது. போனை எடுத்துப் பாத்தேன், பட்டன் பேரு மங்கிப் போயிருந்துச்சு. தினம் பாப்பேன்.

பன்னெண்டு மணி வாக்குல மேல ஏதோ விழுந்த சத்தம். தண்ணிச் செம்பா இருக்கும். அப்புறம் கட்டிலைத் தட்டுற சத்தம். பட்டனை அமுக்கி அமுக்கிப் பாத்திருப்பாரு, குழாய் கழண்டிருக்கும்னு புரிஞ்சுது. அண்ணியைக் கூப்பிட்டாரு. அவருக்கு இருந்த மூச்சுல அது சாத்தின கதவையும் பிரிண்டரையும் தாண்டாது. எனக்குக் கேட்டுச்சுன்னா, ஜன்னல் திறந்திருந்ததால கேட்டுச்சு.

அப்புறம் ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. நான் எழுந்து படிக்கிட்ட வந்து நின்னேன். ஓடுறதுக்குத்தான் வந்தேன் சார், சத்தியமா.

அப்பதான் கூப்பிட்டாரு. "தம்பி"ன்னாரு.

பன்னெண்டு வருஷத்துக்கு அப்புறம் கேக்கிறேன். கீழ் வீடுன்னு இல்ல, டேய்னு இல்ல. தம்பி. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நான் கைப்பிடியைப் பிடிச்சுகிட்டு நின்னேன். திரும்பவும் கூப்பிட்டாரு, "தம்பி, வாடா." அப்புறம் வாடாவும் போயிடுச்சு, வெறும் தம்பி மட்டும்தான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சன்னமா. முதல் படியில காலை வெச்சிருந்தேன். நல்லாக் கேக்கட்டும்னு மூச்சைக்கூடப் பிடிச்சுகிட்டு நின்னேன்.

ரெண்டு மணிக்கு அண்ணி கத்தினப்போ நான்தான் முதல் ஆளா மேல ஓடினேன். அது உங்க அறிக்கையில சரியா இருக்கு. குழாயை எடுத்து மூக்குல மாட்டினதும் நான்தான். பிரயோஜனமில்லைன்னு தெரியும். இருந்தாலும் மாட்டினேன், அண்ணன் இல்லையா.

கொலைன்னு நீங்க எழுதணும்னா எழுதிக்கங்க, கையெழுத்துப் போடுறேன். ஆனா ஒண்ணு சொல்லிடுறேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்ல. அவரு ஒன்பது தடவை கூப்பிட்டாரு, நான் எண்ணினேன். பத்தாவது தடவை கூப்பிட்டிருந்தா கண்டிப்பாப் போயிருப்பேன் சார்.